சிற்றலையில் வந்த இரவு இசை

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

இசைக்கு எல்லை இல்லை என்று மேடைகளில் பேசுவது வழக்கம். எல்லை உண்டு. 1952ஆம் ஆண்டில் நம் நாட்டு வானொலியே அப்படி ஓர் எல்லையைக் கிழித்தது. அவ்வாண்டு மத்திய அரசில் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று உறுதியாக நம்பினார். அகில இந்திய வானொலியில் அவற்றுக்குரிய நேரம் குறைக்கப்பட்டது. பட அதிபர்களோடு பிணக்கு ஏற்பட்டுச் சிலகாலம் திரைப்பாட்டே இல்லாத வானொலியாகவும் அது இருந்தது. (ஆர்மோனியத்துக்கு அதற்கும் முன்பே, 1940இலேயே தடை வந்துவிட்டது. அது தளர்வதற்கு 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.) மக்கள் என்ன செய்தனர்? வானொலிப் பெட்டியின் குமிழைச் சற்றே திருகினர். முள் கொழும்பில் போய் நின்றது.

அந்தக் கொழும்பு வானொலி வழியாகவும், அதன் அண்டை அலைவரிசைகள் வழியாகவும் நம் நாட்டுக் காதுகளுக்கு வந்து சேர்ந்த ஒருவகை இசையைப் பற்றி எழுத விரும்புகிறேன். ஜாஸ், லவுஞ்ச், எக்சோட்டிகா என்று மேனாட்டார் அதற்கு மூன்று பெயர்கள் சொல்வர். எங்கள் ஆம்பூர்ப் பக்கத்தில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெயர்தான்: கிளப் டான்ஸ் பாட்டு.

என் தாத்தா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டு தேநீர்க் கடை வாசலில் நின்று சிலோன் ரேடியோ கேட்பதுதான் அவருக்கு வாய்த்த சங்கீத சபை. "ராத்திரி ஆனா ஒரு பாட்டு போடுவான்டா. அந்தம்மா பாடுறாப்பல இருக்காது, காதுகிட்ட வந்து பேசுறாப்பல இருக்கும். பின்னாடி ஒருத்தன் பித்தளைய ஊதிக்கினே இருப்பான்" என்று அவர் சொன்ன விளக்கத்தைவிடத் தெளிவான விளக்கத்தை லவுஞ்ச் இசைக்கு நான் எங்கும் கண்டதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே தாத்தா கேட்டது என்ன, அது எங்கிருந்து எப்படி வந்தது என்று ஆராயும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

கொழும்பு ஏன் கேட்டது?

முதலில் நம் பாடத்திலிருந்தே தொடங்குகிறேன். கொழும்புக்கும் ஆம்பூருக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தூரம். பூமி உருண்டையாதலால் கொழும்பிலிருந்து நேராகப் புறப்படும் அலை நமக்கு எட்டாது. தலைக்கு மேலே போய்விடும். ஆனால் 41 மீட்டர் நீளமுள்ள சிற்றலை, அதாவது நொடிக்கு எழுபத்து மூன்று லட்சம் அதிர்வு கொண்ட அலை, வானில் முந்நூறு கிலோமீட்டர் உயரத்தை ஒட்டியுள்ள அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து தரைக்குத் திரும்புகிறது. கணக்கிட்டுப் பார்த்தேன். கொழும்பில் ஏறத்தாழ 40 பாகைக் கோணத்தில் மேலெழும் அலை, மன்னார் வளைகுடாவையும் காவிரியையும் தாண்டி, மொத்தம் 900 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பயணம் செய்து, ஆயிரத்தில் மூன்று நொடிக்குள் எங்கள் தேநீர்க் கடையில் இறங்கியிருக்கும்.

அந்த மண்டலம் ஆடாத கூரை அன்று. காற்றில் அசையும் பந்தல் துணியைப் போன்றது. ஒரே அலை இரு வழிகளில் வந்து சேரும்போது ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் விடுவதால் ஒலி ஏறி இறங்கும். சிற்றலை கேட்டவர்கள் எல்லாருக்கும் இந்த ஊசலாட்டம் நினைவிருக்கும். நம் பேராசிரியர்களில் சிலருக்கும் இருக்கலாம்.

கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது 1925இல். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவில் போரிட்ட நேச நாட்டுப் படையினருக்காக அங்கே ஆற்றல்மிக்க சிற்றலை நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. போர் முடிந்தது, நிலையம் இலங்கைக்குக் கிடைத்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியபோது, இந்தியா முழுமையும் கேட்கும் குரல் அந்தச் சிறு தீவின் கையில் இருந்தது. 1952இல் அமீன் சயானியின் இந்தி நிகழ்ச்சியான பினாகா கீத்மாலா அங்கிருந்து புறப்பட்டு வடநாட்டையே கட்டிப்போட்டது. தமிழில் மயில்வாகனம், பின்னர் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் நம் வீட்டுத் திண்ணைகளில் வந்து அமர்ந்தன. 'பொங்கும் பூம்புனல்' காலைக்கு, 'இரவின் மடியில்' இரவுக்கு. கேஸ்கர் பதவியில் இருந்தபோதே, 1957 அக்டோபர் 3ஆம் நாள், விவித பாரதி தொடங்கப்பட்டதற்குக் காரணம் இந்தக் கொழும்புக் குரல்தான்.

தமிழ் நிகழ்ச்சி முடிந்த பிறகு குமிழை இன்னும் ஒரு மயிரிழை திருகினால் வேறோர் உலகம். கொழும்பின் ஆங்கில ஒலிபரப்பில் வெர்னன் கொரெயா போன்றோர் மேனாட்டு இசைத்தட்டுகளைச் சுழலவிட்டனர். அமெரிக்காவின் குரல் வானொலியில் 1955 முதல் வில்லிஸ் கோனோவர் என்பவர் ஜாஸ் இசைக்கென்றே ஒரு நிகழ்ச்சியை நடத்தினார். ஆங்கிலம் சரிவரத் தெரியாதவரும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். 1996இல் இறக்கும்வரை அப்படியே பேசினார். ஆங்கில வழியில் பயிலாத எனக்கு, இணையத்தில் கிடைக்கும் அவர் பேச்சுகளைக் கேட்கும்போது, எனக்காகவே பேசுகிறார் என்று தோன்றும்.

மூன்று பெயர்கள்

ஜாஸ் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர், சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழிவந்தோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இசை அது. அந்த மக்களிடமிருந்து முதலில் பறிக்கப்பட்டவற்றுள் பறையும் ஒன்று. தென் கரோலினாவில் 1740ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகள் முரசு கொட்டுவதையே தடை செய்தது. முரசொலியால் சேதி சொல்லிக் கிளர்ச்சி செய்துவிடுவர் என்ற அச்சம்! நியூ ஆர்லியன்ஸில் மட்டும் காங்கோ சதுக்கம் என்ற ஒரு திடலில் ஞாயிறுதோறும் அவர்கள் கூடிக் கொட்டி ஆட முடிந்தது. ஜாஸ் கலைஞன் எழுதிவைத்ததை மட்டும் வாசிப்பதில்லை. மெட்டை ஒருமுறை காட்டிவிட்டுத் தன் கற்பனையில் விரித்துக்கொண்டே போவான். நம் கச்சேரியில் வரும் கற்பனை ஸ்வரத்தை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

லவுஞ்ச் என்பது ஓட்டலின் முன்கூடம். அங்கே பேசிக்கொண்டிருப்பவர் பேச்சைக் கெடுக்காமல் ஓரமாக ஒலிக்கும் மெல்லிசைக்கு அதே பெயர் பின்னாளில் ஒட்டிக்கொண்டது. பியானோ, சாக்சபோன், தூரிகையால் தேய்க்கப்படும் டிரம், அவ்வளவுதான்.

எக்சோட்டிகாவின் கதைதான் சுவையானது. 1951இல் லெஸ் பாக்ஸ்டர் என்ற அமெரிக்கர், 'காட்டுமிராண்டியின் சடங்கு' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதில் 'அமைதியான கிராமம்' என்றொரு பகுதி. சில ஆண்டுகள் கழித்து ஹவாய்த் தீவில் ஓர் ஓட்டல் மதுக்கூடத்தில் மார்ட்டின் டென்னி என்பவரின் குழு அதை வாசித்தது. பக்கத்தில் ஒரு குளம். இசை தொடங்கினால் தவளைகள் கத்தின. நின்றால் அவையும் நின்றன. குழுவினர் வேடிக்கையாகப் பறவைகளைப் போல் குரல் எழுப்பினர். மறுநாள் ஒருவர் வந்து, "அந்தத் தவளை, பறவைப் பாட்டை மறுபடி வாசியுங்கள்" என்று கேட்டாராம். 'எக்சோட்டிகா' என்ற பெயரில் 1957இல் வந்த அவர்களின் இசைத்தட்டு, 1959இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. வீட்டுக்கு வீடு ஸ்டீரியோ கருவி வாங்கத் தொடங்கிய காலம் அது. இடப்பக்கம் ஒரு பறவை, வலப்பக்கம் ஒரு பொங்கோ என்று கேட்டுப் பார்ப்பதற்கு இத்தகைய தட்டுகள் தோதாக இருந்தன.

அந்த இசையில் பர்மாவின் சேகண்டி இருக்கும். கியூபாவின் பொங்கோ இருக்கும். எங்குமில்லாத ஒரு காட்டின் பறவை இருக்கும். எல்லாம் கலந்தது எந்த ஊர் என்று கேட்டால் விடை கிடையாது. எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. நம் போன்றோர் வாழும் நாடுகள் அவர்களுக்கு ஒரு தவளைக் குளமாகத் தெரிந்திருக்கின்றன. தட்டின் தலைப்பில் உள்ள சொல்லே போதுமே! ஆயினும் அந்த இசையைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன் உயிர் வைப்ரஃபோன் என்ற கருவியில் இருக்கிறது. உலோகப் பட்டைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழாய் பொருத்தி, குழாயின் வாயில் ஒரு சிறு தகட்டை மோட்டாரால் சுழலவிடுவர். வாய் மூடும்போது ஒலி தாழும், திறக்கும்போது உயரும். ஆகவே ஒவ்வொரு சுரமும் நீரில் நிலாப்போல அசையும். இந்த அசைவும், முன்னர்ச் சொன்ன சிற்றலையின் ஊசலாட்டமும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றே. அக்கால வானொலியில் இத்தகைய இசையைக் கேட்டவருக்கு எது மோட்டாரின் வேலை, எது வானத்தின் வேலை என்று பிரித்தறிய வழியே இருந்திராது.

தோலும் ஒலியும்

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் சிறப்பான ஓர் உரிமை உண்டு. பொங்கோ, காங்கா, டிரம் எல்லாம் தோற்கருவிகள். பிளாஸ்டிக் வரும்வரை விலங்குத் தோல்தான். ஆனால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் பதனிடப்படும் தோலால் முரசு செய்ய முடியாது. ஏன்?

தாத்தாவின் சுண்ணாம்புத் தொட்டிவரை இரண்டுக்கும் ஒரே வழி. அங்கே மயிர் உதிர்கிறது. அதற்கப்பால் செருப்புக்குரிய தோல் ஆவாரம்பட்டைச் சாற்றிலோ, குரோமிய உப்பிலோ ஊறுகிறது. டேனரியில் நாம் டிரம் என்று சொல்லும் பெரிய மரப்பீப்பாய் சுழன்று சுழன்று அந்த மருந்தைத் தோலுக்குள் செலுத்துகிறது. நாருக்கும் நாருக்கும் இடையே புதிய பிணைப்புகள் உண்டாகின்றன. பிறகு எண்ணெய் ஏற்றி மென்மையாக்குகின்றனர். அழுகாது, வளையும், காலை உறுத்தாது. ஆனால் தட்டினால் மந்தமாக ஒலிக்கும். முரசுக்குரியதோ பதனிடாத பச்சைத் தோல். இழுத்துக் கட்டிக் காயவிட்டால் கண்ணாடிபோல் விறைத்து நின்று ஒலிக்கும். பறையைத் தீயில் காட்டுவதும், கியூபாவில் பொங்கோவைச் சூடு காட்டியதும் ஒரே காரணத்துக்காகத்தான்: ஈரம் வெளியேறினால் விறைப்பு கூடும்.

வெறும் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் அடிச்சுரத்தைப்போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் வரும். பொங்கோவில் சுரம் கேட்காமல் "டக்" என்ற தாளம் மட்டும் கேட்பது அதனால். மிருதங்கத்தின் வலந்தலை நடுவே அப்பும் கருஞ்சாந்து, அந்த மேற்சுரங்களை முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்திவிடுகிறது என்று சர் சி.வி. ராமன் 1920இல் ஒரு குறிப்பிலும், 1934இல் விரிவான கட்டுரையிலும் நிறுவினார். சாந்து அப்பும் அறிவு ராமனுக்கு முன்பே இருந்தது. அது யாரிடம் இருந்தது? மிருதங்கம் செய்யும் கைகளிடம். அந்தக் கைகளில் பெரும்பாலானவை ஊருக்கு வெளியே வைக்கப்பட்டோரின் கைகள். டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூல் அவர்கள் வரலாற்றைத்தான் பேசுகிறது. தோலைத் தொட்டவரைத் தள்ளிவைத்துவிட்டுத் தோலின் ஒலியை மட்டும் மேடையேற்றும் வழக்கம் அமெரிக்காவில் மட்டும் இருந்ததன்று.

1958இல் டேவ் புரூபெக் என்ற ஜாஸ் கலைஞர் தம் குழுவினருடன் இந்தியா வந்தார். சென்னையில் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தனர். ஊர் திரும்பிய பின் பதிவு செய்த 'கல்கத்தா புளூஸ்' என்ற இசையில், டிரம்காரர் ஜோ மொரெல்லோ குச்சியை வைத்துவிட்டு விரல்களால் வாசித்திருக்கிறார். காட்டையும் தவளையையும் கற்பனை செய்தவர்களைவிட நேரில் வந்து உட்கார்ந்து கேட்டவர்கள் எவ்வளவோ மேல்.

கோடம்பாக்கத்தின் கற்பனை

அவர்கள் நம்மைக் கற்பனை செய்ததுபோல் நாமும் அவர்களைக் கற்பனை செய்தோம். அந்தக் கற்பனை நடந்த இடம் கோடம்பாக்கம். 1964ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை', 'சர்வர் சுந்தரம்' மூன்றும் அவ்வாண்டுப் படங்கள். மூன்றுக்கும் இசை விசுவநாதன் ராமமூர்த்தி. 'சர்வர் சுந்தரம்' படத்தில் டி.எம். சௌந்தரராசன் பாட, மெல்லிசை மன்னரே தோன்றி நடத்த, ஒரு பாடற்பதிவுக் கூடமே திரையில் காட்டப்படுகிறது. வாத்தியக் குழுவை முகம் பார்த்து அறிய நமக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு அது. விசுவநாதனுக்கு உதவியாக ஜோசப் கிருஷ்ணா, ஹென்றி டேனியல் போன்றோர் இருந்தனர். தமிழ் மெட்டு மேனாட்டு வாத்தியங்களில் ஏறி அமர்ந்தது இவர்களைப் போன்றோர் துணையால்.

'புதிய பறவை'யில் இரண்டு பாடல்கள் இருக்கின்றன. விருந்தில் கதாநாயகி பாடும் 'உன்னை ஒன்று கேட்பேன்' ஒன்று. இரவு விடுதியில் சௌகார் ஜானகி பாடும் 'பார்த்த ஞாபகம் இல்லையோ' மற்றொன்று. இரண்டுக்கும் குரல் பி. சுசீலா, இரண்டும் லவுஞ்ச் இசைதான். ஆனால் முதலாவது குடும்பப் பாட்டு எனப்பட்டது. இரண்டாவது கிளப் பாட்டு. வேறுபாடு இசையில் இல்லை, பாடும் பெண் எங்கே நிற்கிறாள் என்பதில் இருக்கிறது. விடுதியில் நிற்பவள் கெட்டவள் என்று படம் முதலிலேயே முடிவு கட்டிவிடுகிறது.

எல்.ஆர். ஈசுவரியின் குரலுக்கு இந்த முத்திரை இன்னும் அழுத்தமாக விழுந்தது. லூர்து மேரி ராஜேசுவரி என்ற கிறித்துவப் பெயர் கொண்ட அவருக்குப் புகழ் தேடித் தந்தது 1961இல் 'பாசமலர்' படத்தின் திருமணப் பாட்டு. பின்னர் கிளப் பாட்டுகள் அவரிடமே வந்து குவிந்தன. அதே குரல்தான் ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கிகளில் ஊர்தோறும் ஒலிக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், நான் பழைய கிளப் பாட்டு கேட்பதைப் பார்த்து, "படிக்கிற பிள்ளை கேட்கிற பாட்டாப்பா இது?" என்றார். ஆடிக் கூழ் ஊற்றும் நாளில் அந்தக் குரலைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்பவரும் அவரே.

என் அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். ஐரோப்பிய அளவு 38, 39 என்று வரும். "இது எந்த ஊரு மகராசி காலோ" என்று சொல்லிக்கொண்டே தைப்பார். பாராத ஒருத்தியின் காலை அவர் கற்பனை செய்கிறார். கோடம்பாக்கத்துக் கலைஞர்கள் பாராத ஒரு நகரத்தின் இரவைக் கற்பனை செய்ததும் இவ்வாறுதான் என்று எனக்குத் தோன்றும். தையல் பிரிந்தால் சரக்கு திரும்பி வந்துவிடும். அவர்கள் இசையில் தையல் பிரியவில்லை.

ஒரு மணி நேரம் கிடைத்தால்

நம் கல்லூரி மன்றங்களில் ஏதேனும் ஒன்று எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் வானொலி நிகழ்ச்சிபோல் ஒரு தொகுப்பு வைத்திருக்கிறேன். டியூக் எலிங்டன் குழுவின் 'ஏ ரயிலில் ஏறு' முதலில். கோனோவரின் நிகழ்ச்சி தொடங்கியது அதைக் கொண்டுதான். அடுத்து டென்னியின் தவளைகள். உடனே 'கல்கத்தா புளூஸ்', அதன் வால் அறுபடுமுன் பழனியின் தனி ஆவர்த்தனம் ஒன்று. விரலுக்கு விரல் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிறகு 'புதிய பறவை'யின் இரு பாடல்களையும் படத்தின் பெயர் சொல்லாமல் அடுத்தடுத்துப் போட்டு, எது குடும்பப் பாட்டு என்று படம் பார்க்காத நண்பர்களைக் கேட்பேன். கொழும்பை மறக்கலாகாது: ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி', போர்த்துக்கீசியர் வழி வந்த பைலாத் தாளத்தோடு. ஈசுவரி பாடியதில் ஒரு கிளப் பாட்டும் ஓர் அம்மன் பாட்டும்.

முடிவில் மறுபடி எலிங்டன். அவர் 1963இல் அமெரிக்க அரசின் சார்பில் இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றுப்பயணம் செய்தவர். அதன் பயனாகப் பிறந்த 'தூரக் கிழக்கு' இசைத்தொகுப்பில் தில்லிப் பறவை ஒன்றைப் பற்றிய பகுதி உண்டு. அவருடைய தோழர் பில்லி ஸ்ட்ரேஹார்ன், தில்லியில் கேட்ட ஒரு மைனாவின் கூவலை அப்படியே கிளாரினெட்டுக்கு எழுதிக் கொடுத்தார். ஜிம்மி ஹாமில்டன் வாசித்திருக்கிறார். டென்னியின் பறவைகளுக்கு ஊர் கிடையாது; இந்த மைனாவுக்கு உண்டு.

ஒலிபெருக்கி ஒன்றை விடுதி நண்பரிடம் இரவல் கேட்டு வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டும் இங்கேதான் படிப்பேன்.